நலம் பேணுவோம்: குரல் கம்மினால்...



பாங்கு சொல்லும் மோதினார், மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாத், பிள்ளைகளை நாள்முழுதும் அழைத்து ஓயும் தாய் ஆகியோருக்குக் குரல் கம்மினால், "சளிதான், மிளகுப்பால் குடியுங்கள்" என்கிறோம். பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். ஆனால் நான்கு வாரங்கள் கடந்தும் கரகரப்பு நீங்கவில்லையெனில், மருத்துவர் குரல்வளையைப் பார்த்தே ஆகவேண்டும். புகைபிடிப்போரும், கழுத்தில் கட்டியோ மூச்சுத்திணறலோ உள்ளோரும் அதுவரைகூடக் காத்திருத்தல் ஆகாது.

1854இல் மனுவேல் கார்சியா என்னும் ஸ்பானிய இசையாசிரியர், சிறு கண்ணாடியொன்றைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய ஒளியில் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இன்று மூக்கின் வழியே செல்லும் மெல்லிய குழாய் அவற்றைத் திரையில் காட்டுகிறது. பேசும்போது அவை நொடிக்கு நூறு முறைக்கு மேல் அதிர்வதால், விட்டுவிட்டு ஒளிரும் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கைக் கொண்டு அவ்வதிர்வை மெதுவாக்கிப் பார்க்கின்றனர். அதிர்வு தடைப்படும் இடம் நோயின் இருப்பிடத்தை உணர்த்தும்.

அங்கே தென்படும் தடிப்பெல்லாம் புற்றுநோய் அன்று. அதிகம் பேசுவோருக்கு இரு நாண்களிலும் எதிரெதிரே தோன்றும் முடிச்சுகள் குரல் பயிற்சியாலேயே பெரும்பாலும் குறையும். அரிதாக வருபவை வேறு. முடக்குவாதம், லூபஸ் போன்ற நோயுடையோர் சிலருக்கு நாண்களின் குறுக்கே மூங்கில் கணுப்போன்ற வெண்பட்டைகள் தோன்றும். உடலில் மறைந்திருக்கும் நோய்க்கு அதுவே முதல் அடையாளமாகவும் அமையலாம். அமிலாய்டு என்னும் புரதம் படிந்திருப்பின், காங்கோ சிவப்புச் சாயமேற்றிய திசு, முனைவாக்கப்பட்ட ஒளியில் ஆப்பிள் பச்சையாக ஒளிரும்.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது 'கிரானுலர் செல்' கட்டியில்தான். இது பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் இதன் மேற்புறத் தோல் தடித்து வளர்ந்து, நுண்ணோக்கியில் புற்றுநோயைப் போலவே காட்சி தரக்கூடும். மேலோட்டமாகக் கிள்ளியெடுத்த சிறுதுண்டு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். சிறு கட்டியை அகற்றினால் போதுமென்ற இடத்தில் பெரிய சிகிச்சை நேர்ந்துவிடும். ஆகவே, "திசு போதிய ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டதா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஐயமிருப்பின் அதே திசுவை மற்றொரு நோய்க்குறியியல் வல்லுநரிடமும் காட்டலாம். அது மருத்துவரை அவமதிப்பதாகாது.

அஞ்சி ஒளிந்துகொள்வதும் தவறு, அலட்சியமும் தவறு. குரல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் நல்லறிவை அவன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.