பூப் பக்கத்து அரசியல்

1999 முதல் 2008 வரை அமெரிக்கா தன் கால் டாலர் நாணயத்தின் பூப் பக்கத்தை மாநிலங்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஆண்டுக்கு ஐந்து, பத்து ஆண்டில் ஐம்பது. ஒன்றியத்தில் சேர்ந்த வரிசைப்படி டெலவேர் முதலில் வந்தது, ஹவாய் கடைசியில். தலைப் பக்கத்தில் வாஷிங்டன் இடம் மாறாமல் இருந்தார். மக்கள் எடுத்துச் சேர்த்துவைத்த ஒவ்வொரு காசும் கருவூலத்துக்கு லாபம் என்பதால், கணக்குப் பார்த்தவர்களுக்கும் இதில் மகிழ்ச்சிதான்.

இருபத்து நான்கு மில்லிமீட்டர் வட்டத்துக்குள் ஒரு மாநிலத்தை எப்படி அடக்குவது? சிரமம் அளவில் இருந்ததாகத் தோன்றவில்லை. சட்டம் சில தடைகளை வைத்தது: மார்பளவு உருவம் கூடாது, உயிரோடிருப்பவர் கூடாது, விளையாட்டுத்தனமானதும் பொருத்தமற்றதும் கூடாது. தேர்வுப் பொறுப்பு ஆளுநருக்கு. (அங்கே ஆளுநர் மக்கள் வாக்குப் பெற்று வருபவர், நம்மூர்ப் பழக்கத்தில் படிக்க வேண்டாம்.) அவர் ஒரு குழு போடுவார்; பள்ளிப் பிள்ளைகள் வரை யோசனை எழுதி அனுப்புவார்கள். தேறிய சிலவற்றை நாணயச்சாலையின் செதுக்குநர்கள் வரைவார்கள். குடிமக்கள் ஆலோசனைக் குழுவும் நுண்கலை ஆணையமும் கருத்துச் சொல்லும். கருவூலச் செயலர் ஒப்பவேண்டும். இத்தனை கை மாறியபின் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பறவை, ஒரு பூ, மாநில வரைபடத்தின் கோடு. அந்தக் கோட்டிலும் ஜார்ஜியாவுக்கு வடமேற்கு மூலை வெட்டுப்பட்டு, டேட் கவுண்டி காணாமல் போனது.

வரைந்தவருக்கு இதில் என்ன இடம்? மிசௌரியில் ஒரு நீர்வண்ண ஓவியரின் வடிவம் தேர்வானது. நாடாய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் ஆற்றில் திரும்பிவரும் காட்சி, பின்னால் செயின்ட் லூயி நகரத்து வளைவு. அப்படியே அச்சிட முடியாது என்று நாணயச்சாலை அதை மாற்றி வரைந்தது. அவர் ஒப்பவில்லை, தன் மூல வடிவத்தை ஒட்டுத்தாளாக அச்சிட்டுக் கால் டாலர்களின் மேல் ஒட்டிப் புழக்கத்தில் விட்டார். பிற்பாடு மாநிலங்கள் படமே அனுப்பத் தேவையில்லை, என்ன வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் போதும் என்றானது. நிர்வாகத்துக்கு நிம்மதி. கலைக்கு அல்ல என்பது எங்கள் எண்ணம்.

நல்லவையும் வந்தன. அலபாமா 2003இல் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லரை நாற்காலியில் முழு உருவமாக உட்காரவைத்து, அவர் பெயரை பிரெயிலிலும் பொறித்தது. புழக்கத்துக்கு வந்த அமெரிக்க நாணயத்தில் பிரெயில் ஏறியது அதுவே முதல்முறை. நியூ ஹாம்ப்ஷயர் 2000இல் மனித முகம் போன்ற தன் மலைப்பாறையைப் பொறித்தது. 2003 மே மாதம் பாறை சரிந்து விழுந்துவிட்டது, காசு இன்னும் செல்லுபடியாகிறது. ரைட் சகோதரர்களின் விமானத்தை வட கரோலினா 2001இலும் ஓஹையோ 2002இலும் உரிமை கொண்டாடின. விமானம் பறந்தது வட கரோலினாவில் என்பதால், ஓஹையோ தன்னை ‘விமானப் பயணத்தின் பிறப்பிடம்’ என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. ‘விமானப் பயண முன்னோடிகளின் பிறப்பிடம்’ என்று ஒரு சொல் கூட்டி ஒப்பேற்றினார்கள். சகோதரர்களில் மூத்தவர் வில்பர் பிறந்தது இந்தியானாவில். நல்லவேளையாக இளையவர் ஆர்வில்லும் நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஓஹையோக்காரர்கள்.

இவை வேடிக்கைச் சண்டைகள். உண்மையான சண்டைகள் காசுவரை வரவே இல்லை. தெற்கு மாநிலங்களின் நாணயங்களில் அடிமை முறை பற்றி ஒரு சொல் கிடையாது. மிசிசிப்பிக்கு மக்னோலியாப் பூ. கென்டக்கிக்குக் குன்றின்மேல் ஒரு மாளிகை, வேலியோரம் ஒரு பந்தயக் குதிரை. அந்த மாளிகைப் பண்ணையில் வேலைசெய்த அடிமைகள் காட்சியில் இல்லை. எவரும் முகம் சுளிக்காததே தேர்வாகும் என்றால் பூவும் குதிரையும்தான் தேறும். இதைச் செதுக்குநர்களின் குறையென்று சொல்வதற்கில்லை.

ஒரு நகரத்தார் மட்டும் மனத்தில் உள்ளதைப் பொறிக்கக் கேட்டார்கள். மாநிலம் அல்லாத தலைநகர் வாஷிங்டனுக்கு 2009இல் முறை வந்தது. அந்நகரத்தார் கூட்டரசு வரி கட்டுகிறார்கள். நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு வாக்குள்ள உறுப்பினர் கிடையாது. ‘பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி’ என்ற வாசகத்தை நகர நிர்வாகம் அனுப்பியது. பிரிட்டனுக்கு எதிராகக் குடியேற்றங்கள் எழுப்பிய பழைய முழக்கத்தின் சாயல். அதைத் தொடர்ந்த விடுதலைப் போரை நடத்தியவர்தான் தலைப் பக்கத்தில் இருக்கிறார். சர்ச்சைக்குரியது என்று நாணயச்சாலை திருப்பி அனுப்பிவிட்டது. அந்த இடத்தில் பியானோவோடு ஜாஸ் இசைஞர் டியூக் எலிங்டனும் ‘அனைவர்க்கும் நீதி’ என்ற நகரக் குறிக்கோளும் வந்தன. நிராகரிக்கப்பட்ட வாசகம் 2000 முதலே அந்நகரக் கார்களின் எண் பலகைகளில் இருந்தது. எண் பலகை அச்சிட நாணயச்சாலையைக் கேட்க வேண்டியதில்லை.