பயிலரங்கில் சாதிக்கு எத்தனை மணி நேரம்?

கல்லூரிப் பேராசிரியர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவருடைய சான்றிதழ்க் கோப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டங்களைவிடப் பயிலரங்குச் சான்றிதழ்கள்தான் தடிமனாக இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 5 நாள், ஆய்வுத் தரவுப் பகுப்பாய்வு 7 நாள், காப்புரிமை விழிப்புணர்வு ஒரு நாள், மன அழுத்த மேலாண்மை அரை நாள். எஃப்.டி.பி., புத்தொளிப் பயிற்சி, ஓரியன்டேஷன், வெபினார் என்று பெயர்தான் மாறும். எல்லாச் சான்றிதழிலும் மூன்று கையெழுத்தும் ஒரு தங்க நிற முத்திரையும் இருக்கும்.

அந்தக் கத்தையில் ஒரே ஒரு தாளைத் தேடுங்கள். சாதிப் பாகுபாடு பற்றி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி, வகுப்பறையில் ஒரு தலித் மாணவரை எப்படி நடத்தக்கூடாது என்பது பற்றி அவர் எப்போதாவது ஒரு நாள் பயிற்சி பெற்றிருக்கிறாரா? 25 ஆண்டு பணி முடித்து ஓய்வு பெறுபவரிடம்கூட அந்தத் தாள் இருப்பது அபூர்வம்.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-இல் பல்கலைக்கழகங்களில் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. ஆசிரியர்கள் சில வாரங்கள் தங்கிப் படித்து, தங்கள் பாடத்தில் புதிதாக வந்திருப்பதைத் தெரிந்துகொண்டு திரும்பட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். 2010-இல் யு.ஜி.சி. ஏ.பி.ஐ. மதிப்பெண் முறையைக் கொண்டு வந்தது. எந்தப் பயிற்சிக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு தொடங்கியது. பதவி உயர்வுக்குப் பயிற்சி, நாக் குழுவின் பார்வைக்குப் பயிற்சி. நாக் அளவுகோலில் ஆசிரியர் மேம்பாடு என்று தனிப் பிரிவே உண்டு, அதில் தலை எண்ணிக் காட்ட வேண்டும். 2020 ஊரடங்கில் கேட்கவே வேண்டாம். கேமராவை அணைத்துவிட்டு அடுப்படியில் நின்றபடியே கூகுள் படிவத்தை நிரப்பினால் போதும், மாலைக்குள் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்துவிடும். அறிவுக்காகத் தொடங்கியது ரசீதுக்காக என்று ஆனது.

ரசீதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எதற்கு ரசீது தர வேண்டும் என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள் அல்லவா? நமக்கு அதுதான் முக்கியம்.

2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று பெயர் மாற்றப்பட்ட அதே பணியாளர் கல்லூரிகளுக்கு 2023-இல் ஒன்றிய அரசு மறுபடியும் பெயர் மாற்றியது. இப்போது அவை மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். மதன் மோகன் மாளவியா யார்? காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் என்று மட்டும் பாடநூல் சொல்லும். இந்து மகாசபையின் தலைவராக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் அம்பேத்கரைப் பூனா ஒப்பந்தத்துக்குள் தள்ளியபோது, சாதி இந்துக்கள் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் முக்கியமானவர் அவர்தான். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்திருந்த தனித் தொகுதி உரிமை அந்தக் கையெழுத்துகளோடு போனது. அந்தப் பெயர் பொறித்த சான்றிதழைத்தான் இன்று சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் பெரியாரைப் பாடம் நடத்தும் தமிழ்ப் பேராசிரியரும் பதவி உயர்வுக்காக வாங்கிக் கோப்பில் வைக்கிறார். வேறு வழியில்லை அவருக்கு.

பெயர் மட்டுமா? இந்த மையங்கள் நடத்தும் தேசியக் கல்விக் கொள்கை அறிமுகப் பயிற்சிக்கு எட்டுத் தலைப்புகள். இந்திய அறிவு மரபுக்கு ஒரு தனித் தலைப்பு. திறன் மேம்பாட்டுக்கு ஒன்று, கணினித் தொழில்நுட்பத்துக்கு ஒன்று, நிர்வாகத் தலைமைக்கு ஒன்று. நம் மாணவர்களுக்குக் கிடைத்த இடம் 'மாணவர் பன்மைத்துவமும் உள்ளடக்கிய கல்வியும்'. கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! சாதி என்ற இரண்டெழுத்தை உச்சரிக்காமல் சாதியைக் கடந்து போக இதைவிட வழுவழுப்பான சொல் கிடைக்காது. பன்மைத்துவம் என்றால் பூக்கூடையில் பல நிறப் பூக்கள். சாதி பூக்கூடை அல்ல, ஏணி. மேலே நிற்பவனின் கால் கீழே இருப்பவனின் தலையில் இருக்கிறது. எந்தப் பயிலரங்குக்குப் போனாலும் ப்ளூம் என்ற அமெரிக்கர் போட்ட ஆறு படிகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். மனு போட்ட படிகளைப் பற்றிப் பேச ஓர் அமர்வு இல்லை. துறைக் கூட்டத்தில் யார் நாற்காலி எங்கே என்பதை முடிவு செய்வது ப்ளூமின் படிகளா, மனுவின் படிகளா?

"கல்லூரியில் ஏதுங்க சாதி? எல்லாரும் படிச்சவங்க" என்பார்கள். 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தவர் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீரை அவர் எடுத்துக் குடிக்கக்கூடாது என்று சக பேராசிரியர்கள் முணுமுணுத்தார்கள். படித்தவர்கள்தான்! அந்த அறையில் பயிற்சி தேவைப்பட்டது அம்பேத்கருக்கு அல்ல, மற்றவர்களுக்கு.

நூறாண்டு கடந்துவிட்டது. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை ஆராய்ந்த தோரட் குழு 2007-இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று அங்கே படித்த பட்டியலின, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் சொன்னார்கள். நாட்டின் முதன்மை மருத்துவக் கல்லூரி அது. 2016-இல் ரோகித் வெமுலா. உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வெட்டவெளியில் படுத்துக் கிடந்த ஆய்வு மாணவர். 2019-இல் மும்பையில் பாயல் தட்வி, பழங்குடி இசுலாமியக் குடும்பத்திலிருந்து வந்த மருத்துவர். இரண்டு தாய்மார்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டது என்ன? 2012-லேயே யு.ஜி.சி. போட்ட சமத்துவ விதிமுறைகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கள் என்பதைத்தான். அந்த விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் யார்? பெயர் தெரியுமா? அந்தப் பொறுப்பு தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியுமா என்பது அடுத்த கேள்வி.

இதுவரை சொன்னது ஆசிரியர்களைப் பற்றி. ஆனால் கல்லூரி என்பது ஆசிரியர்கள் மட்டும் அல்ல. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒரு மாணவி கல்லூரியில் முதலில் சந்திப்பது பேராசிரியரை அல்ல, அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தரை. சாதிச் சான்றிதழை நீட்டுவது அங்கே. "எஸ்.சி.யா? அப்போ அந்த வரிசை" என்ற குரலைக் கேட்பது அங்கே. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வந்து உரக்கப் படித்து, பெயர் வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வது எத்தனை கல்லூரிகளில் இன்றும் வழக்கம்! படிப்பவருக்கு அது வேலை. எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது மூன்று ஆண்டுக்கும் ஒட்டிக்கொள்ளும் முத்திரை. பக்கத்து இருக்கையில் இருந்தவன் மறுநாள் வேறு பெஞ்சுக்கு மாறியிருப்பான். ஒன்றிய அரசின் பங்கு வரவில்லை என்று உதவித்தொகை தாமதமாகும்போது, கட்டணம் கட்டாமல் தேர்வுச்சீட்டு கிடையாது என்று சொல்வதும் அதே சன்னல்தான்.

இந்த எழுத்தருக்கு யாராவது பயிற்சி கொடுத்திருக்கிறார்களா? புதிய மென்பொருள் வந்தால் அரை நாள் பயிற்சி உண்டு. விடுதிக் காப்பாளருக்கு? ஆய்வக உதவியாளருக்கு? யார் அறையில் யாரைச் சேர்ப்பது, யார் சாப்பிட்டுவிட்டு யார் தட்டைக் கழுவுவது என்பதை எல்லாம் தீர்மானிப்பவர்கள் இவர்கள். எஃப்.டி.பி. என்ற சொல்லிலேயே இவர்களுக்கு இடம் இல்லை. கழிவறையைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்பது நமக்குத் தெரியும். கல்லூரியின் பணியாளர் பட்டியலில்கூட அவர் இல்லை.

கௌரவ விரிவுரையாளர்களின் கதை வேறு. கௌரவம் பெயரில் மட்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் வகுப்புகள் நடப்பதே பெரும்பாலும் இவர்களால்தான். மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதத்துக்கு. யு.ஜி.சி. 2019-லேயே மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. முனைவர் பட்டம் முடித்த ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்கள் பலர் தேங்கி நிற்கும் இடம் இது. நிரந்தர ஆசிரியருக்குப் பணிவிடுப்போடு பயிற்சி, அதனால் பதவி உயர்வு, அதனால் ஊதிய உயர்வு. கௌரவ விரிவுரையாளர் சொந்தக் காசில் பதிவுக் கட்டணம் கட்டி, இரவில் இணையத்தில் உட்கார்ந்து, என்றாவது ஒரு நாள் நேர்காணலில் உதவும் என்ற நம்பிக்கையில் சான்றிதழ் சேர்க்கிறார். ஒரே பயிலரங்கு, ஒருவருக்கு ஏணி, இன்னொருவருக்குச் செலவு. திறன் இல்லாததாலா அவருக்கு வேலை கிடைக்கவில்லை? பணியிடத்தை நிரப்பாமல் வைத்துக்கொண்டு, திறன் மேம்பாடு என்று பேசுவது நியாயமா?

"சாதியுணர்வு தலைமுறை தலைமுறையாக ஊறியது. ஐந்து நாள் வகுப்பு நடத்தினால் போய்விடுமா?" என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். போகாது. யாருடைய உள்ளத்தையும் ஐந்து நாளில் திருத்தலாம் என்று நாம் நினைக்கவில்லை. உள்ளத்தை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும், வேலை செய்யும் இடத்தில் நடத்தையை மாற்றட்டும். பொதுப் பார்வையில் படும் இடத்தில் பட்டியலினத்தவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் குற்றம் என்று தெரிந்தால் நாக்கு கொஞ்சம் தயங்கும். உதவித்தொகைப் பட்டியலை உரக்கப் படிக்காதே, குறுஞ்செய்தி அனுப்பு என்று சொல்லித் தர அரை மணி நேரம் போதும். அக மதிப்பீட்டு மதிப்பெண்ணை எந்த அடிப்படையில் போட்டோம் என்று எழுதி வைக்கும் பழக்கத்துக்கு ஒரு நாள் போதும். இவையும் திறன்கள்தான். எக்செல் கற்றுக்கொள்ள முடிந்தவர்களால் இதையும் கற்றுக்கொள்ள முடியும்.

முன்மாதிரி இல்லாமலும் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. ஊழியர்களுக்கு உரிய இடைவெளியில் பயிலரங்குகள் நடத்த வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பல கல்லூரிகள் அதைச் சடங்காகத்தான் செய்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சடங்காக நடந்த கூட்டத்திலிருந்துகூட ஒரு மாணவி புகார்க் குழு இருப்பதைத் தெரிந்துகொண்டு வெளியே வருகிறாள். சாதிக்கு அந்தச் சடங்குகூட இல்லை.

நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, 2023-இல் தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. பள்ளி, கல்லூரி இரண்டுக்குமான குழு. 2024 ஜூனில் அறிக்கை கைக்கு வந்துவிட்டது. சாதிப் பாகுபாடு பற்றியும் அது தொடர்பான சட்டங்கள் பற்றியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பது அதில் உண்டு. ஒன்றிய அரசின் கல்விக் கொள்கையை எதிர்க்கிறோம் என்று சொல்லும் மாநில அரசு, மாளவியா பெயர் இல்லாத ஒரு பயிற்சியைத் தானே நடத்துவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆசிரியர்களுக்குத் திறன் பயிற்சி நடத்தத் தெரிந்த அரசுதானே இது? பேராசிரியர், எழுத்தர், விடுதிக் காப்பாளர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு அந்த நாட்களுக்கும் ஊதியம் வேண்டும். பாடம் எடுக்க, சாதியை நூலில் மட்டும் படித்தவர்களை அழைக்காதீர்கள். வழக்கு நடத்திய வழக்கறிஞர்களை, களத்தில் நிற்பவர்களை, விடுதியில் அவமானப்பட்டு மேலே வந்த முன்னாள் மாணவர்களை அழையுங்கள். இந்தச் சான்றிதழ் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது என்று ஒரே ஓர் அரசாணை போடுங்கள். பிறகு பாருங்கள், பன்மைத்துவம் பேசுபவர்கள் எவ்வளவு வேகமாகப் பதிவு செய்கிறார்கள் என்று.

அதுவரை, கல்லூரியில் படிக்கும் நீங்கள் ஒன்று செய்யலாம். உங்களுடையது அரசுக் கல்லூரியாகவோ அரசு உதவி பெறும் கல்லூரியாகவோ இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். கடந்த 5 ஆண்டுகளில் ஆசிரியர்களும் அலுவலர்களும் எத்தனை பயிலரங்குகளுக்குச் சென்றார்கள், தலைப்புகள் என்ன, அவற்றில் சாதிப் பாகுபாடு பற்றியவை எத்தனை, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரின் பெயர் என்ன, அவரிடம் வந்த புகார்கள் எத்தனை. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வரும் பதிலைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.