பெரியப்பாவின் பிக்கப்

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் என் பெரியப்பாவுக்குத் தோட்டம். தக்காளியை ஓசூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது, அவருடைய பழைய ஃபோர் வீல் பிக்கப்தான். போன மழையில் சேற்றில் சிக்கி, பின் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. ‘‘ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா சரியாயிடும்டா’’ என்றார்.

ஆகாது. ஸ்பிரிங் பட்டை பாரம் தாங்கும். ஷாஃப்ட்டுக்குப் பலம் தராது. செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் ஷாஃப்ட்டே சக்கரத்தைச் சுழற்றி, எடையையும் சுமக்கிறது. முறிந்தால் சக்கரமே கழன்றுவிடலாம். லாரிகளில் இருக்கும் ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடையை வெளிக்கூடு சுமக்கும். ஷாஃப்ட்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான்.

பெரிய ஆக்சில் மாட்டலாமே என்கிறீர்களா? ஃபோர் வீல் வண்டியில் முன், பின் இரண்டுக்கும் கியர் விகிதம் பொருந்த வேண்டும். பட்டை கூட்டி உயர்த்தினால் பிரேக் ஹோஸ் எட்டுகிறதா, புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் சரியா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற விடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். 6 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். பட்டறைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

பெரியப்பா கடைசியில் அதே அளவில் புது ஷாஃப்ட், பேரிங் போட்டார். தேய்ந்த பட்டைகளை மட்டும் மாற்றினார். லோடையும் குறைத்துவிட்டார்.

‘‘ரெண்டு நடை போனா போகுது. பேரப்புள்ளைங்களும் இதுலதானே ஏறுதுங்க!’’