பிள்ளை தயார், சாலை தயாரா?

எந்த வயதில் பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பலாம்? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதெல்லாம் எழும் இந்தக் கேள்விக்கு, வடசென்னையின் டோல்கேட் பகுதியில் வயதை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்ட விதிகள். நடக்கும் தூரத்தில் பள்ளி வேண்டும் என்று விதித்த அரசுக்கு, அந்தத் தூரத்தை அச்சமின்றி நடக்கும்படி வைத்திருக்கும் கடமையும் உண்டு.

இங்கே நிலைமை வேறு. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள்; திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 2021இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் தூண்கள். உயரமான கேபினில் இருக்கும் ஓட்டுநருக்கு, பம்பரை ஒட்டி நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை தெரியாது. டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தைவிட்டு உள்ளே ஒடித்து வரும். முன்பக்கம் கடந்துவிட்டதே என்று காலை எடுத்து வைக்கும் பிள்ளைக்கு அது புரியாது. குழந்தையைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, போக்குவரத்தைத்தான் குழந்தைக்கேற்ப மாற்ற வேண்டும் என்று சுவீடனின் உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் 1960களிலேயே ஆராய்ந்து சொன்னார்.

கூட்டிப்போவது பெற்றோர் பொறுப்புதானே என்பார்கள். விடியுமுன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் புறப்படும் தாயும், ஷிப்டுக்குப் போகும் தந்தையும் எட்டரை மணிக்கு எப்படிப் பள்ளி வாசலில் நிற்பார்கள்? லாரிகளை நிறுத்தினால் வணிகம் முடங்கும் என்பதும் ஏற்கத்தக்கதல்ல. நகரின் பல சாலைகளில் கனரக வாகனங்களுக்கு ஏற்கெனவே நேரத் தடை உண்டு. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பள்ளிப் பாதைகளுக்கும் அதை விதிப்பதால் ஏற்றுமதி நின்றுவிடாது. ஆள்கடத்தல் பயம் உண்மையானதே. அதற்காகப் பிள்ளையை வீட்டில் பூட்டிவைக்க முடியாது. கூட்டமாக அனுப்புவதே வழி. ஜப்பானில் பல ஊர்களில் ஆறு வயதுப் பிள்ளைகளும் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு குழுவாக நடந்தே பள்ளி செல்கிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது உண்டு: சில வாரங்கள் பிள்ளையை முன்னே நடக்கவிட்டுப் பின்னே செல்லுங்கள், எங்கே நிற்கிறது, எப்போது ஓடுகிறது என்று பாருங்கள். பயமில்லாமல், அவசரப்படாமல், நின்று பார்த்துக் கடக்கும் பிள்ளையை அனுப்பலாம். ஆனால் நடப்பவருக்கு முன்னுரிமை என்று 2014இல் கொள்கை வகுத்த மாநகராட்சி, பள்ளிப் பாதைகளில் ஆக்கிரமிப்பில்லாத நடைபாதையும் வேகத்தடையும் அமைக்க வேண்டும். சாலை வடிவமைப்பில் காட்டும் அலட்சியத்தால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், அதற்குப் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. பள்ளி திறக்கும் முன்பே போக்குவரத்துக் காவல்துறை லாரிகளுக்கான நேரத் தடையை அறிவிக்கட்டும். அதுவரை பிள்ளைகளின் வயதைக் கேட்கும் தகுதி நிர்வாகத்துக்கு இல்லை.