அம்மாவே டீச்சராக இருக்கும் வீடு

ஹைதராபாத்தின் அமீர்பேட் மெட்ரோ நிலையத்திலிருந்து மைத்ரிவனம் வரை நடந்தால் பார்க்கும் இடமெல்லாம் கோச்சிங் சென்டர் பலகைகள். எதைப் படித்தாலும் சான்றிதழ் உண்டா, வேலை உண்டா என்று கேட்கும் இந்தத் தெருக்களில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது தினம் தினம் பதில் சொல்ல வேண்டிய முடிவு. விசுவாசத்தின் பேரில் அந்த முடிவை எடுத்த தமிழ்க் குடும்பங்கள் மனச்சோர்வோடு நம் முன் வந்து உட்காரும்போது, ஆலோசகர்கள் பலர் எடுத்தவுடன் கேட்பது: “ஏன் ஸ்கூலில் சேர்க்கவில்லை?”

இதே கேள்விக்கு மாமியாரிடமும் பக்கத்து ஃபிளாட்டிலும் பதில் சொல்லிச் சலித்தவர்கள் அவர்கள். பள்ளி நேரத்தில் பிள்ளை கீழே விளையாடினால் வாட்ச்மேன் விசாரிப்பாரே என்று சாயங்காலம் வரை கதவைச் சாத்தியே வைக்கிற வீடுகள் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள். இதை ஆலோசகர் விரல்நுனியில் வைத்திருந்தால் முதல் சந்திப்பிலேயே அந்தத் தாயின் பாரம் கொஞ்சம் இறங்கும்.

மிச்சம் இருப்பதுதான் கடினம். வீட்டுக்கல்வியில் பெரும்பாலும் அம்மாவே டீச்சர். காலையில் குடும்ப ஜெபம், பிறகு கணக்கு, அடுப்பில் சாம்பார், மறுபடி கணக்கு. பின்னக் கணக்கை நாலாவது தடவையும் தப்பாகப் போடும் மகளிடம் குரல் உயர்கிறது. பள்ளிப் பிள்ளை டீச்சரிடம் திட்டு வாங்கினால் அம்மாவிடம் வந்து அழும். அம்மாவே திட்டினால் இவள் யாரிடம் போவாள்? ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழுகிறது, பேச்சு நின்றுவிடுகிறது. அன்றிரவு தாய்க்குத் தூக்கமில்லை. சபையில் சொன்னால் “இன்னும் ஜெபியுங்கள் சகோதரி” என்பார்கள். ஊரில் சொன்னால் “அப்பவே சொன்னோமே” என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்வதில்லை.

அவர்களுடைய வேதத்தை நாமும் படித்திருப்பது நல்லது. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டியபோது அவனுக்கு முதலில் கண்டிப்பு வரவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தூக்கமும், மறுபடி சாப்பாடும் கிடைத்தன. சோர்வை அவிசுவாசம் என்று எண்ணிக் குமையும் தாயிடம் இந்தப் பகுதியை வைத்துப் பேசினால், மருத்துவரிடம் போகவும் மனம் இடம்கொடுக்கும். அமீர்பேட்டிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிலையம் எர்ரகட்டா. அரசு மனநல மருத்துவமனை அங்கேதான். ஆனால் சென்னைக்குக் கீழ்ப்பாக்கம் போல, இங்கே அந்தப் பெயரே கேலிப்பேச்சு. போகத் தயங்குபவருக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையாவது கையில் எழுதிக் கொடுங்கள்.

தாய்க்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் ஒரு துணை வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் அவர் குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். கடும் இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். பெற்றோரால் முடியாதபோது பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ சபை மூத்தவரோ அந்த இடத்தில் நின்றார்கள். நாகர்கோவில் போன்ற சொந்த ஊரில் இருந்திருந்தால் பெரியம்மாவும் தாத்தாவும் கேட்காமலே வந்து நின்றிருப்பார்கள். அமீர்பேட்டின் வாடகை வீட்டில் அதை ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும்.

ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது: “அம்மா மேல் கோபம் வந்தால் உங்கள் மகள் யாரிடம் போய்ச் சொல்வாள்?” யாரும் இல்லை என்றால் நம் வேலை அங்கே தொடங்குகிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் வாரம் ஒரு மதியம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அந்த நேரம் அம்மா தூங்கட்டும். அப்பா தினமும் ஒரு பாடத்தையாவது ஏற்கட்டும். போதகரிடம் இதைக் கேட்கத் தாய் கூசினால், குடும்பத்தின் சம்மதத்தோடு நாமே பேசலாம். வருகிற பெரியவர் யாராக இருந்தாலும் கதவு திறந்த அறையில், வீட்டார் கண்ணெதிரேதான் பிள்ளையோடு உட்கார வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.