ஸ்டார்மரைத் தெரியும், கவுன்சிலரைத் தெரியாது

எங்கள் தலைமுறைக்கு மலிவாகக் கிடைத்திருக்கும் ஜோக் ஒன்று உண்டு. ரிட்டையர் ஆன ஒருவர் ராசிபுரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பிரிட்டிஷ் அரசியல் பேசுகிறார். போரிஸ் ஜான்சனைத் திட்டுகிறார், ரிஷி சுனக்குக்கு யோசனை சொல்கிறார், ஸ்டார்மர் தேறமாட்டார் என்று தீர்ப்பு எழுதுகிறார். பெங்களூரிலும் சென்னையிலும் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் மகன்களும் மருமகன்களும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் சிரிக்கிற ஸ்டிக்கர் போடுகிறார்கள். "பெருசுக்கு வேற வேலை இல்ல."

இந்தச் சிரிப்பு தப்பு என்பதுதான் என் கட்சி. அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் அவர் ஏன் அங்கே பார்க்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சிரிப்பு நம் பக்கம் திரும்பியிருக்கும்.

எனக்குத் தெரிந்த அப்படி ஒரு பெரியவர் வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பட்டா, சிட்டா, அடங்கல், நில அளவை என்று தாலுகா ஆபீஸ் ஃபைல்களில் தலை நரைத்தவர். ஒரு மனுவை எந்த மேஜைக்கு அனுப்பினால் அது எழுந்து நடக்கும், எந்த மேஜையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவை அவர் சொன்னது இது: "ஏந்தம்பி, அந்த ஊர்ல பிரதமரு வாரா வாரம் எந்திரிச்சு நின்னு பதில் சொல்றாரு. எதிர்க்கட்சிக்காரன் ஆறு கேள்வி கேக்குறான். நம்மூர்ல இத எங்கீங்க பாக்கறது?"

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பிரிட்டன் நாடாளுமன்றத்தில் புதன்கிழமை மதியம் 12 மணிக்குப் பிரதமரிடம் கேள்வி நேரம். நமக்கு அது கோடையில் மாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. அங்கே காமன்ஸ் சபைக்குள் கேமரா நுழைந்தது 1989-ல். இன்று யூட்யூபில் முழு நீளமாக, வெட்டாமல், யாரும் பார்க்கலாம். நம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கேள்வி நேரம் நேரலையாக வந்ததே 2022 ஜனவரியில்தான். அதற்கு முன் சபைக்குள் நடந்ததை யாரோ வெட்டி ஒட்டிக் கொடுத்த துண்டுகளாகத்தான் பார்த்தோம். முதல்வர் பேசுவது வரும், எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்து வாசலில் மைக் முன் நிற்பது வரும். நடுவில் என்ன நடந்தது என்பது அவரவர் டிவியைப் பொறுத்தது.

ஆக அவர் பிரிட்டனைப் பார்ப்பது கிறுக்குத்தனம் கிடையாது. பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் சபையைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறது, ஏழு கடல் தாண்டிய ஜன்னல் திறந்திருக்கிறது. கண் எங்கே போகும்?

அவருக்கு இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. பிபிசி தமிழ் ஒலிபரப்பு 1941-ல் தொடங்கியது. இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் ராத்திரி 9:15-க்குச் சிற்றலையில் தமிழோசை கேட்காத தாலுகா ஆபீஸ்காரர் குறைவு. கரகரப்புக்கு நடுவில் அரை மணி நேரம், பிறகு ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். 2017-ல் அந்த வானொலிச் சேவை நின்றுபோனது. ராசிபுரமும் லண்டனும் அவ்வளவு தூரம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஆர்.கே. நாராயண் பெயரில் முதல் எழுத்தாக நிற்பது எங்கள் ஊர்தான். அவருடைய முதல் நாவல் கிரஹாம் கிரீன் உதவியால் 1935-ல் லண்டனில் வெளிவந்தது. ஊர் அங்கே போய்த் தொண்ணூறு வருஷம் ஆகிறது. ஊர்க்காரர் அங்கே எட்டிப் பார்த்தால் மட்டும் என்ன குறை?

எனக்குக் கோபம் வருவது அவருடைய ராத்திரிகளைப் பார்த்து. சாயங்காலம் காமன்ஸ் சபை பார்த்த அதே மனிதர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தமிழ் விவாத நிகழ்ச்சிகளுக்கு மாறுகிறார். புதிய தலைமுறை 2011-ல் வந்தது, தந்தி டிவி 2012-ல், நியூஸ்7 2014-ல். 24 மணி நேரச் செய்திக்குத் தமிழ்நாட்டில் ஒரு புது வேகம் கொடுத்தவை இவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆரம்ப வருஷங்களில் நேர்பட பேசு, ஆயுத எழுத்து போன்ற நிகழ்ச்சிகளில் நல்ல கேள்விகள் வந்தன. மேடைப் பேச்சை மட்டுமே கேட்டு வளர்ந்த நாட்டில் ஒரு கட்சிக்காரர் குறுக்குக் கேள்விக்குத் திணறுவதைப் பார்த்ததே பெரிய விஷயம்.

பிறகு அது ஒரு அச்சாக இறுகிவிட்டது. திரையில் நாலு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஆள். இரண்டு கட்சிக்காரர்கள், ஒரு "அரசியல் விமர்சகர்", ஒரு "மூத்த பத்திரிகையாளர்". அன்றைக்கு யாரோ ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் தலைப்பு. அந்த வாக்கியத்தைப் பற்றி இன்னொருவர் சொன்னதைப் பற்றி மூன்றாமவர் கருத்து. விளம்பர இடைவேளை. ஒரு மணி நேரம் முடிந்ததும் ஒரு அரசாணையின் எண்ணோ, ஒரு திட்டத்தின் செலவோ, ஒரு அதிகாரியின் பொறுப்போ நம் காதில் விழுந்திருக்காது. யார் யாரை மடக்கினார் என்பதுதான் மிஞ்சும். முப்பது வருஷம் ஃபைல் படித்த மனிதருக்குச் சேவல் சண்டை பார்க்கப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு நிரல் தப்பாக வேலை செய்தால் முதலில் உள்ளே போவது என்ன என்று பார்ப்போம். குப்பையைப் போட்டால் குப்பைதான் வரும். இங்கே உள்ளே போவது யாருடைய சரக்கு? கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி, கேப்டன் டிவி என்று கட்சிக்கு ஒரு சேனல் வைத்த மாநிலம் நம்முடையது. ஜெயா டிவி அதிமுக தலைமையின் கையை விட்டுப் போனதும் 2018-ல் அவர்களுக்கு நியூஸ் ஜெ தேவைப்பட்டது. கட்சி ஆபீஸுக்கு நாற்காலி வாங்குவது போலச் சேனல் வாங்குகிறோம், அதை ஊடகம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

அரசியல் அமைப்புகளுக்கு ஒளிபரப்பு உரிமம் தரக்கூடாது என்று டிராய் 2008-லிருந்து 2014 வரை திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது. எந்த ஆட்சியும் அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாக் கட்சிக்கும் வலிக்கும். பிரிட்டனில் 1990-ம் வருஷத்து ஒளிபரப்புச் சட்டமே கட்சிகளுக்கு உரிமம் கிடையாது என்று சொல்லிவிட்டது. காசு கொடுத்து டிவியில் அரசியல் விளம்பரமும் அங்கே போடமுடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஜிபி நியூஸ் என்ற சேனல் பிரதமர் சுனக்கை உட்கார வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்தியது. பொதுமக்கள் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார், மாற்றுக் கருத்துக்கு ஒழுங்கான இடம் தரவில்லை. நடுநிலை விதியை மீறியதாக ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் ஒரு லட்சம் பவுண்ட் அபராதம் அறிவித்தது. சேனல் கோர்ட்டுக்குப் போனது, அது அதன் உரிமை. இங்கே சேனல்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட அமைப்பு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதமும் ஒரு லட்சம்தான். ரூபாய். இது போதுமா என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. அங்கே பிரதமரைச் செல்லமாக நடத்தியதற்கு ஒரு கோடிக்கு மேல் ஆகும் தொகை. இங்கே ஒரு மதத்தையே கூண்டில் ஏற்றினாலும் ஒரு விளம்பர இடைவேளையில் எடுத்துவிடலாம்.

இப்போது ஒரு எதிர்வாதம் வரும். "பிரிட்டன் என்ன சொர்க்கமா? லிஸ் டிரஸ் 49 நாளில் பதவி இழந்தார். ஒரு பத்திரிகை லெட்டூஸ் கீரையைக் கேமரா முன்னால் வைத்து, இது முதலில் வாடுமா அவர் முதலில் போவாரா என்று நேரலை ஓட்டியது. அதுதான் உங்கள் முதிர்ந்த ஜனநாயகமா?" நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் தொழிற்கட்சி 34 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டை வாங்கி 650-ல் 411 இடத்தைப் பிடித்தது. இத்தனை நடுநிலை விதிகள் இருந்தும் 2016 பிரெக்ஸிட் ஓட்டெடுப்பில் பஸ் மேல் எழுதிய பொய்க்கணக்கு ஊரெல்லாம் சுற்றி வந்தது. நம்மை ஆண்டவர்கள் என்பதற்காக அவர்களைக் கும்பிடச் சொல்லவில்லை.

ஆனால் பெரியவர் பார்த்தது வேறு. ஜான்சனை அவருடைய அமைச்சர்களே வரிசையாக ராஜினாமா செய்து இறக்கினார்கள். அவர் சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023-ல் அந்தச் சபையின் குழுவே அறிக்கை எழுதியது. அந்தக் குழுவில் அவர் கட்சிக்காரர்கள்தான் பெரும்பான்மை. "சொந்தக் கட்சிக்காரனே எழுதிட்டானுங்க தம்பி" என்று அவர் சொன்னபோது குரலில் இருந்தது வம்பு இல்லை, ஏக்கம்.

அந்த ஏக்கத்தை ஊர்ப்பக்கம் திருப்ப யாரும் இல்லை என்பதுதான் நஷ்டம். கணக்கு இதோ. தமிழ்நாட்டு நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. வழக்கு, வார்டு வரையறை, ஒத்திவைப்பு என்று ஐந்து வருஷத்துக்கு மேல் ராசிபுரம் உட்பட எந்த நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் கையெழுத்துப் போட்டு ஊரை ஓட்டினார். டிரஸ் போன 49 நாள் கதை நமக்கு நாள் வாரியாகத் தெரியும். நம் வார்டு அநாதையாகக் கிடந்த ஐந்து வருஷம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்த வருஷங்களில் ராத்திரி விவாதம் ஒருநாளும் நிற்கவில்லை. தலைப்புக்கும் பஞ்சம் இல்லை.

ராசிபுரம் டிவியில் வருவது எப்போது? தேர்தலுக்கு முதல்நாள். போதமலைக்கு ரோடு இல்லாததால் ஓட்டு மெஷினைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அலுவலர்கள் மலையேறுவார்கள். கேமராவும் கொஞ்ச தூரம் ஏறும். கீழூர், மேலூர், கெடமலை ஜனங்கள் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் வருஷம் முழுக்க அதே வழியில் தொட்டில் கட்டி இறங்கினார்கள், அதற்குக் கேமரா இல்லை. சமீபத்தில்தான் அங்கே ரோடு வேலைக்கு வழி பிறந்தது. பேருந்து நிலையத்தை அணைப்பாளையத்துக்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்து ஊரில் கடையடைப்பு வரை போனது. அந்த இடம் சரியா, யாருக்கு லாபம், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் எப்படிப் போவார்கள் என்று நிலப் பதிவேட்டையும் வரைபடத்தையும் வைத்துப் பேசத் தகுதியான ஆள் யார்? ரிட்டையர் ஆன வருவாய்த் துறைக்காரர்தான். அவரை நாலு பெட்டிக்கு முன்னால் கட்டிப் போட்டிருக்கிறோம்.

பிபிசியில் 1979-லிருந்து ஓடும் கொஸ்டின் டைம் நிகழ்ச்சி வாரத்துக்கு ஒரு ஊருக்குப் போகிறது. மந்திரிகளும் எதிர்க்கட்சிக்காரர்களும் அந்த ஊர்க்காரர்கள் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். அதிலும் ஆயிரம் குறை. என்றாலும் கேள்வி கேட்பது பார்வையாளரின் வேலை என்பதாவது அதில் இருக்கிறது. இங்கேயும் ஊர் ஊராகப் போன நிகழ்ச்சிகள் சில வந்தன. ஸ்டுடியோவில் நாலு பேரை உட்கார வைப்பது செலவு கம்மி என்பதால் கடைசியில் ஸ்டுடியோதான் ஜெயித்தது.

சிரிக்கிற என் தலைமுறையே, நாம் மட்டும் என்ன கிழித்தோம்? அவர் டிவி பார்க்கிறார், நாம் அதே விவாதத்தின் முப்பது செகண்ட் துண்டை ரீல்ஸில் பார்க்கிறோம். டிரம்ப்பைப் பற்றி நமக்கு இருக்கும் கருத்தில் பத்தில் ஒரு பங்கு நம் நகராட்சி பட்ஜெட் பற்றி இருக்கிறதா? அவருக்காவது ஒரு காலத்தில் ஊரின் ஒவ்வொரு சர்வே நம்பரும் தெரியும். நமக்கு பின்கோடு மட்டும் தெரியும், அதுவும் ஆன்லைனில் ஆர்டர் போடுவதற்காக.

கேட்கவேண்டியவை கொஞ்சம்தான். சட்டமன்றம் முழுக்க, வெட்டாமல், நேரலையில் வரவேண்டும். மக்கள் காசில் நடக்கும் சபையை மக்கள் பார்ப்பதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. நகராட்சிக் கூட்டத்துக்கு ஒரு செல்போன் கேமரா போதும், அதையும் காட்டட்டும். டிராய் பரிந்துரையைத் தூசி தட்டி எடுக்கவேண்டும். பெரியவர்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. 2022 நவம்பர் 1-லிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, கிராம சபை மாதிரி. நம் வார்டில் அது நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று மனு எழுதுங்கள். உங்களைவிட நன்றாக மனு எழுத இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வாரா வாரம் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும் என்கிற அந்த வாக்கியம் வெஸ்ட்மின்ஸ்டருக்கு மட்டும் எழுதினது இல்லீங்க. நம்ம கவுன்சிலருக்கும் அது பொருந்தும், அவர் பேர் தெரிஞ்சா.