பிரிப்பது எளிது, பொருத்துவதே கல்வி



பழைய காற்றுத் துப்பாக்கியைச் சீர்செய்வதைப் பற்றித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் மலேசியாவில், 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கருதுகிறது. உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். ஆகவே, அதை வாங்குங்கள் என்று நான் கூறவில்லை. இங்கிலாந்தில் இப்பணியைப் பொழுதுபோக்காகச் செய்வோரின் வேலைமுறையில் நம் வகுப்பறைக்குரிய பாடம் ஒன்று உண்டு என்பதே என் கருத்து.

1904இல் லிங்கன் ஜெஃப்ரிஸ் காப்புரிமை பெற்ற வடிவமைப்பைக் கொண்டு பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த காற்றுத் துப்பாக்கிகள் இன்றும் அங்குப் பலரிடம் உள்ளன. அமைப்பு எளியது. நெம்புகோலை இழுத்தால் உந்துதண்டு பின்சென்று சுருள்வில்லை அமுக்கும். விசையை அழுத்தினால் வில் விரிந்து உந்துதண்டை முன்னே தள்ளும். நெருக்குண்ட காற்று ஈயக் குண்டை வெளியேற்றும்.

பிரிக்கும்போதுதான் பொறுமை சோதிக்கப்படுகிறது. குழலில் குண்டு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஓய்ந்த நிலையிலும் வில் சற்று அமுங்கியே இருப்பதால், அதை இறுகப் பிடித்து மெல்லத் தளர்த்தும் கருவி தேவை. அவசரப்பட்டால் வில் பாய்ந்து முகத்தைப் பதம்பார்க்கும். கழற்றிய உறுப்புகளை வரிசையாக அடுக்கி வைப்பர். அவ்வரிசையைத் தலைகீழாக்கினால் அதுவே பொருத்தும் வரிசை.

அளவறிதலும் இதில் ஒரு திறனே. உந்துதண்டின் முனையிலுள்ள தோல் வளையம் காய்ந்திருந்தால் எண்ணெயில் ஊறவைப்பர். ஆனால், மிகுதியான எண்ணெய் காற்றறையில் தங்கினால், காற்று நெருக்குண்டு எழும் வெப்பத்தில் அது தீப்பற்றி வெடிக்கும். வில்லும் வளையமும் பாழாகும். துருவை நீக்கும்போதும், பொறித்த எண்கள் அழியும் அளவுக்குத் தேய்ப்பதில்லை.

இனி நம் பள்ளிக்கு வருவோம். கைவேலைப் பாடங்களில் நாம் பெரும்பாலும் செய்து முடித்த பொருளுக்கே புள்ளி தருகிறோம். அப்பொருளைப் பல வேளைகளில் பெற்றோரே இரவில் விழித்திருந்து செய்து அனுப்புகின்றனர். பிள்ளையின் கைபடாத படைப்பு பிள்ளைக்கு எதைக் கற்பிக்கும்? வீட்டிலோ, பழுதான பொருள் நேரே குப்பைத்தொட்டிக்குப் போகிறது. சீர்செய்வதைக் கண்ணால்கூடக் காணாத பிள்ளை, கெட்டது கெட்டதுதான் என்று எண்ணியே வளர்கிறது.

இதை மாற்றப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சுருள்வில் உள்ள பேனா ஒன்றும் ஒரு பாடவேளையும் போதும். மாணவர் அதைப் பிரித்து, உறுப்புகளைத் தாளில் வரிசையாக வைத்து எண்ணிட்டு, ஒவ்வொன்றின் பணியையும் தமிழில் எழுதட்டும். பின்னர்ப் பொருத்தட்டும். பேனா மீண்டும் எழுதினால் புள்ளி. எழுதாவிடில் மறுமுறை முயலட்டும். சிறு வில் தொலைந்தால் முழுப் பேனாவும் பயனற்றுப் போவதை அப்போது தாமே உணர்வர்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். பெற்றோர் அருகில் அமரலாம். கையை மட்டும் நீட்ட வேண்டாம்.